ஏரிக்கரை ஓட்டைக்கு எடுத்த விழா

ஒரு காட்டில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. ஏரிக்கு ஒரு கரை இருந்தது. கரையில் ஓர் ஓட்டையும் இருந்தது. ஏரியைப் பற்றியும் கரையைப் பற்றியும் காட்டுச் சபை அடிக்கடி பெருமையாகப் பேசும். ஓட்டையைப் பற்றிப் பேச ஓர் உடும்பம்மா மட்டும்தான் இருந்தாள்.

குழந்தைகளே, உடும்பு ஒன்றைப் பிடித்தால் விடாது என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த உடும்பம்மாவும் அப்படித்தான். ஆனால் அவள் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஏரிக்கரைக்குக் கீழே ஒரு கறையான் புற்று. அதைத் தோண்டி அவள் முட்டைகள் இட்டிருந்தாள். உடும்பு முட்டையை இட்ட இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது. புரட்டினாலே உள்ளே இருக்கும் குஞ்சு கெட்டுப்போகும். மழைக்காலம் முழுக்க அது அங்கேயே இருந்து, பனிக்காலத்தில்தான் பொரியும்.

ஒரு நாள் புற்றின் அடியில் மண் ஈரமாக இருந்தது. மழையே இல்லை, ஈரம் எங்கிருந்து வந்தது? உடும்பம்மா மேலே பார்த்தாள். நண்டு ஒன்று எப்போதோ குடியிருந்து காலி செய்துவிட்டுப் போன வளை கரையில் இருந்தது. அதன் வழியாக ஏரித் தண்ணீர் நூலாகக் கசிந்துகொண்டிருந்தது.

மண்ணை அள்ளி வைத்து அடைத்தாள். மறுநாள் மண்ணைக் காணோம். சின்னக் கல்லை உருட்டி வந்து அடைத்தாள். கல்லும் போய்விட்டது. ஏரிக்குள் வாழ்ந்த ஆமை நீந்திப் போய், வளையின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தது.

"அக்கா, உள்ளே வாய் பெரிசாயிட்டே வருது. முன்னெல்லாம் என் தலை நுழையாது. இப்ப கழுத்து வரைக்கும் போகுது."

"ஐப்பசி மழை வந்தா?"

"கரை உடையும். நான் சேத்துல கெடப்பேன். உங்க முட்டைங்க..." ஆமை அதற்கு மேல் சொல்லவில்லை.

"எப்படித்தான் அடைக்கிறது?"

"பெரிய கல் ஒண்ணை மேலேருந்து இறக்கி, ஏறி நின்னு ஒரு மிதி மிதிச்சா போதும். நம்ம தலைவர் காலு ஒண்ணு போதும்க்கா."

தலைவர் என்று ஆமை சொன்னது மத்தகராயர் என்ற யானையை. மத்தகராயர் கெட்டவர் அல்ல. கஷ்டமே அதுதான். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேறு வழி பார்க்கலாம். அவரோ எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார், எல்லோருக்கும் தும்பிக்கை தூக்கி வணக்கம் சொல்வார். யாரையாவது பாராட்ட வேண்டும் என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார். அவருக்கு இருந்த ஒரே குணம் அதுதான்.

மருதமரத்தடியில் காட்டுச் சபை கூடும். கூடினால் முதலில் பாராட்டு. இந்த வாரம் வௌவால் வாரம் என்பார் மத்தகராயர். எல்லோரும் கைதட்டுவார்கள். வௌவாலுக்குத் தேக்கிலைப் பொன்னாடை போர்த்துவார்கள். போர்த்திக்கொண்ட வௌவால் திரும்பத் தலைவருக்கு ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும். அது சபை வழக்கம். வௌவால் வாரத்தைக் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு குட்டிகள் வௌவால்மேல் கல்லெறிவதை நிறுத்தின. நல்லதுதான். ஆனால் ஒரு நல்லது நடந்துவிட்டது என்பதற்காக அதையே நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தால் என்ன ஆவது?

பாராட்டுக்கு அடுத்து மத்தகராயருக்குப் பிடித்தது அடிக்கல் நாட்டுவது. கல்லைக் குழியில் இறக்கி, அவரே ஏறி மிதிப்பார். காட்டில் எங்கே நடந்தாலும் ஓர் அடிக்கல் காலைத் தடுக்கும். பறவைகள் மருத்துவமனைக்கு ஓர் அடிக்கல். குட்டிகள் பள்ளிக்கூடத்துக்கு ஓர் அடிக்கல். மருத்துவமனையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அந்தக் கற்களின்மேல் ஓணான்கள் படுத்து வெயில் காய்ந்தன.

உடும்பம்மா முதல் தடவை சபைக்குப் போன அன்று எறும்பு நாள். எறும்புகளின் உழைப்பைப் போற்றுவதற்காக மத்தகராயர் ஒவ்வோர் எறும்புக்கும் தனித்தனியாகப் பொன்னாடை போர்த்த ஆசைப்பட்டார். எறும்புகள் வரிசையாக வந்தன. எறும்புக்கு வரிசை முடிகிற வழக்கம் உண்டா? பாதிப் பொழுது அதிலேயே போயிற்று. போர்த்திய இலைக்கு அடியிலிருந்து எறும்பை வெளியே எடுப்பதில் மீதிப் பொழுது போயிற்று.

நன்றியுரையும் முடிந்த பிறகுதான் சபையை நடத்தும் குரங்கு, "இனி, பொதுமக்கள் குறைகள்!" என்று அறிவித்தது.

உடும்பம்மா எழுந்தாள். "தலைவரே, ஏரிக்கரையிலே..."

"அடடா! நான் குளிக்கும் நேரம் ஆகிவிட்டதே" என்றார் மத்தகராயர். "அம்மா, அடுத்த கூட்டத்தில் அவசியம் பேசுங்கள். உங்களைப் போன்றவர்கள் பேச வேண்டும்."

சொல்லிவிட்டு அவர் போய்க் குளித்த இடம் எது தெரியுமா? அதே ஏரிதான். ஓட்டைக்கு எதிரிலேயே நின்று முதுகு தேய்த்துக் குளித்தார்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மா, விடிஞ்சதும் விடியாததுமா வந்துட்டே? விருதா, குறையா?" என்று குரங்கு கேட்டது.

"குறை."

"விருதுன்னா முதல்ல. குறைன்னா கடைசியில. நீ மத்தியானம் வந்திருக்கலாம்."

"மழை வரப்போகுதுங்க."

"மழைக்கும் போன வருஷமே பாராட்டு முடிஞ்சாச்சும்மா."

உடும்பம்மா மத்தியானம் வரைக்கும் காத்திருந்தாள். அன்று தவளைகளுக்குப் பாராட்டு. தவளைகள் ஏற்புரை நிகழ்த்தின. ஒரு தவளை நிறுத்தினால் இன்னொன்று தொடங்கிற்று. கடைசியில் குரங்கு அவள் பக்கம் திரும்பி, "சுருக்கமா" என்றது.

அவளும் சுருக்கமாகத்தான் சொன்னாள். "தலைவரே, ஏரிக்கரையிலே ஓட்டை விழுந்திருக்கு. மழை வந்தா கரை உடையும். கரைக்குக் கீழே என் முட்டைங்க இருக்கு. நீங்க ஒரு கல்லை வெச்சு ஒரு மிதி மிதிச்சா போதும்."

மத்தகராயரின் கண்கள் கலங்கின. நடிப்பல்ல, உண்மையாகவே கலங்கின. தும்பிக்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இந்தத் தாயின் சொல் என் நெஞ்சைத் தொட்டுவிட்டது. ஏரிக்கரை நமக்கெல்லாம் உயிர். அதை இத்தனை காலம் மறந்திருந்தோமே! இனி ஐப்பசி மாதத்தின் முதல் நாள் இந்தக் காட்டில் ஏரிக்கரை நாளாகக் கொண்டாடப்படும்!"

கைதட்டலில் மருதமரத்துக் காக்கைகள் பறந்தன.

"தலைவரே, நாள் வேண்டாம், கல்லு வேணும்!" என்று உடும்பம்மா கத்தினாள். அது யார் காதிலும் விழவில்லை. அதற்குள் அவள் தலைமேல் தேக்கிலைப் பொன்னாடை விழுந்திருந்தது. இலைக்குள்ளிருந்து அவள் தலையை வெளியே நீட்டியபோது எல்லோரும் சிரித்த முகத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொடுத்து வெச்சவ நீ. ரெண்டே கூட்டத்துல ஒரு நாளே வாங்கிட்டியே!" என்றது பக்கத்தில் இருந்த முயல்.

உடும்பம்மா அந்தப் பொன்னாடையை இழுத்துக்கொண்டு வந்து ஓட்டைக்குள் திணித்தாள். அதற்காவது பயன்படட்டும் என்று நினைத்தாள். சாயங்காலத்துக்குள் தண்ணீர் அதையும் கிழித்துத் துப்பிவிட்டது.

மறுநாள் அவள் நேராகக் குரங்கிடம் போனாள்.

"அந்த ஓட்டை விஷயம்..."

"அது முடிஞ்சு போச்சேம்மா."

"எது முடிஞ்சுது? தண்ணி போய்க்கிட்டே இருக்கு!"

"தண்ணி போகலாம். சபையைப் பொறுத்தவரைக்கும் விஷயம் முடிஞ்சுது. நீ குறை சொன்னே, தலைவர் கேட்டாரு, நாள் அறிவிச்சாச்சு, பொன்னாடையும் போட்டாச்சு. இதுக்கு மேல ஒரு குறைக்கு என்னம்மா செய்ய முடியும்?"

குரங்கு கேலியாகச் சொல்லவில்லை. அது நிஜமாகவே அப்படித்தான் நம்பிற்று. உடும்பம்மாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. காட்டில் சுவரும் கிடையாது. ஒன்றைக்கூட யாரும் கட்டி முடிக்கவில்லையே.

அந்தக் கோபத்தோடு விறுவிறுவென்று திரும்பியவள் ஒரு கல்லில் காலை இடித்துக்கொண்டாள். பறவைகள் மருத்துவமனை அடிக்கல். "ஐயோ!" என்று கத்தி, காலைப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "ஒரு கல்லு கேட்டா கிடையாது. ஆனா காடு பூரா கல்லு!" என்று அந்தக் கல்லையே அடித்தாள்.

கல் அசையவில்லை. உடும்பம்மா அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். தன் பிடிக்கே அசையாத கல்லா! எத்தனை ஆழத்தில் இறக்கியிருக்கிறார்கள்! ஏறி மிதித்த கால் யாருடைய கால்?

அழுகை நின்றது. அவள் மெல்ல எழுந்து, திரும்பவும் குரங்கிடம் போனாள். இந்தத் தடவை முகத்தில் கோபத்தைக் காட்டவில்லை.

"ஐயா, நான் ஒரு மடச்சி. தலைவரோட பெருமை எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது. ஏரிக்கரை நாளுக்கு நினைவு மண்டபம் ஒண்ணு வேண்டாமா? அதுக்குத் தலைவர் கையால அடிக்கல் நாட்ட வேண்டாமா?"

குரங்கின் வால் நிமிர்ந்தது. "அப்படிச் சொல்லு! எங்கே நாட்டுறது?"

"கரை மேலதான். குழி தோண்டுற வேலையை எங்கிட்ட விட்டுருங்க."

"மண்டபத்தை யாரு கட்டுறது?"

"அதையெல்லாம் இப்ப யாருங்க கேட்கப்போறாங்க?"

குரங்கு அவளை மெச்சிக்கொண்டு பார்த்தது. "இப்பத்தான்மா நீ பேசக் கத்துக்கிட்டே."

உடும்பம்மா இரவென்றும் பகலென்றும் பாராமல் தோண்டினாள். கரையின் மேலிருந்து கீழே, சரியாகத் தண்ணீர் ஓடும் வளை வரைக்கும் குழி இறங்கிற்று. பள்ளிக்கூடத்து அடிக்கல்லைவிடப் பெரிய கல் வேண்டும் என்று குரங்கிடம் சொல்லிவைத்தாள். ஒவ்வோர் இனமும் தன் பங்குக்குக் களிமண் கொண்டுவந்து குழியில் போட வேண்டும், அதிகம் போடும் இனத்தின் பெயரைத் தலைவரே மேடையில் சொல்வார் என்று ஒரு புரளியும் கிளப்பிவிட்டாள். அடுத்த நாளே கரைமேல் களிமண் குன்றாகக் குவிந்தது. காட்டுப்பன்றிகள் இரண்டு தடவை வந்து கொட்டிவிட்டுப் போயின.

"இப்பவே அடிக்கல்லை இறக்கிடலாமே ஐயா" என்று அவள் குரங்கிடம் கேட்டுப் பார்த்தாள்.

"விழா நாள் வராம அடிக்கல்லா? அது வெறும் கல்லும்மா" என்றது குரங்கு.

ஐப்பசி முதல் நாள் வந்தது. கூடவே மேகமும் வந்தது. கிழக்கே வானம் ஈயம் பூசினாற்போல் இருண்டு கிடந்தது. எல்லா விலங்குகளும் கரையில் கூடின. குழிக்குப் பக்கத்தில் பெரிய கல் தயாராக இருந்தது. குழிக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் தண்ணீர் சலசலத்தது.

"உள்ளே என்ன சத்தம்?" என்று கேட்டார் மத்தகராயர்.

"உங்களை வாழ்த்துற சத்தம் தலைவரே" என்றாள் உடும்பம்மா. சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போல் இருந்தது அவளுக்கு.

அடிக்கல் முதலில் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். குரங்கு நிகழ்ச்சியைத் தொடங்கியபோதுதான், அடிக்கல் கடைசி என்று தெரிந்தது. முதலில் வரவேற்பு நடனம். மேகத்தைக் கண்ட மயிலுக்கு நிறுத்த மனம் வருமா? அது தோகையை விரித்து ஆடிற்று, ஆடிற்று, ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு வரவேற்புரை. "பெருமதிப்பிற்குரிய தலைவர் மத்தகராயர் அவர்களே! எறும்புகள் சங்கத்தின் மூத்த எறும்பு அவர்களே! இளைய எறும்பு அவர்களே!" என்று குரங்கு ஆரம்பித்தது.

முதல் துளி உடும்பம்மாவின் மூக்கில் விழுந்தது.

குரங்கு இன்னும் எறும்புகளைத் தாண்டவில்லை. மழை வலுத்தது. ஏரியில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கரைக்குக் கீழே ஓட்டையிலிருந்து இப்போது நூலாக அல்ல, கயிறாகத் தண்ணீர் பாய்ந்தது. அது புற்றின் அடி மண்ணை அரிப்பதை அவள் தன் கண்ணால் பார்த்தாள்.

மத்தகராயர் வானத்தைப் பார்த்தார். "மழை பெரிதாக இருக்கிறது. விழாவை இன்னொரு நாளைக்குத் தள்ளி வைத்து, இதைவிடச் சிறப்பாக நடத்துவோம்" என்று எழுந்தார். எல்லோரும் கலையத் தொடங்கினார்கள்.

உடும்பம்மாவுக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் அவருடைய காலை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"தலைவரே! இது மாதிரி நேரம் இனி வராது!"

"ஏனம்மா?"

"காஞ்ச மண்ணுல உங்க பாதம் பதியாது. பள்ளிக்கூடத்து அடிக்கல்லைப் பாருங்க, மருத்துவமனை அடிக்கல்லைப் பாருங்க, நாட்டினது யாருன்னு ஒரு அடையாளம் இருக்கா? இந்த மழையில கல்லை இறக்கி, களிமண்ணைக் கொட்டி, நீங்க ஏறி மிதிச்சீங்கன்னா உங்க பாதம் அப்படியே பதியும். பேரன் பேத்தி காலம் வரைக்கும் நிக்கும்!"

மத்தகராயர் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார். நல்ல அகலமான பாதம். அவருக்கே அது பிடித்துப்போயிற்று.

"கல்லை இறக்குங்கள்!" என்று முழங்கினார்.

யாரும் இறக்க வேண்டியிருக்கவில்லை. அவரே தும்பிக்கையால் கல்லைத் தள்ளினார். அது குழிக்குள் தொப்பென்று விழுந்தது. தம் பெயர் மேடையில் வர வேண்டும் என்று விலங்குகள் போட்டி போட்டுக் களிமண்ணைத் தள்ளின. மத்தகராயர் அதன்மேல் ஏறி ஒரு மிதி மிதித்தார். பாதம் கோணலாகப் பதிந்துவிட்டது என்று இன்னொரு மிதி மிதித்தார். விரல் நகம் தெரியவில்லையே என்று மறுபடி மிதித்தார். உடும்பம்மா கீழே பார்த்தாள். கயிறு நூலாயிற்று. நூல் சொட்டாயிற்று. சொட்டும் நின்றது.

அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள்.

மத்தகராயருக்குப் பேச்சு வந்துவிட்டது. மழையையும் பொருட்படுத்தாமல், பதிந்த பாதத்தின் மேலேயே நின்றுகொண்டு பேசினார்.

"பெரியோர்களே! இந்தக் கரையில் ஓட்டை இருக்கிறது என்று சபையில் ஒரு குறை வந்தது. இன்று நானே நேரில் வந்தேன். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். எங்கே ஓட்டை? சொட்டுத் தண்ணீர் கசிகிறதா? நீங்களே பாருங்கள்!"

எல்லோரும் கரையின் இருபக்கமும் எட்டிப் பார்த்தார்கள். ஓட்டை இல்லை. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள்.

"எங்கேயம்மா உன் ஓட்டை? வந்து காட்டு!" என்றார் மத்தகராயர்.

'நீங்க நிக்கிற இடத்துலதான்' என்ற பதில் உடும்பம்மாவின் தொண்டை வரைக்கும் வந்தது. எத்தனை நாள் கோபம் அது! சபை மொத்தமும் கேட்கும்படி கத்திவிட்டால் மனசு ஆறும். ஆனால் அதைச் சொன்னால் மத்தகராயர் என்ன செய்வார்? உடனே இறங்குவார். கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆமாம், இருக்கிறது!" என்று கண்கலங்குவார். அதற்கும் ஒரு நாள் அறிவிப்பார்.

அவள் எழுந்து கைகூப்பினாள்.

"ஓட்டையே இல்லைங்க தலைவரே. என் கண்ணுதான் சரியில்லை."

"பார்த்தாயா!" என்று அன்போடு சொன்னார் மத்தகராயர். "எதற்கெடுத்தாலும் குறை சொல்லக் கூடாதம்மா. நாலு நல்லதையும் பார்க்கப் பழக வேண்டும்." தன் கழுத்தில் கிடந்த பொன்னாடையைக் கழற்றி அவளுக்கே போர்த்தினார். கூட்டம் கைதட்டிற்று. உடும்பம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பித் தளும்பிற்று. கரை அசையவில்லை. பனி விழும் காலத்தில் புற்று மண்ணைக் கீறிக்கொண்டு உடும்புக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நினைவு மண்டபம் கட்டுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த ஒரு விஷயத்தில் உடும்பம்மாவுக்குச் சபைமேல் வருத்தமே இல்லை.

ஒரு நாள் முயல் அவளைத் தேடி வந்தது. அதன் முகம் வாடியிருந்தது.

"அக்கா, எங்க வளைக்குப் போற வழியில பெரிய மரம் விழுந்து கெடக்கு. குட்டிங்க வெளியே வர முடியலை. சபையில மூணு கூட்டமா சொல்றேன், யாருமே கேட்க மாட்டேங்குறாங்க. நான் என்னதான் செய்யுறது?"

உடும்பம்மா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

"முதல்ல அந்த மரத்துக்கு ஒரு பொன்னாடை கேளு" என்றாள்.

நீதி: குறை கேட்கக் காது இல்லாத சபையில், குறையும் மாலை போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டியிருக்கும்.